கடைசிச் சொல்லும் கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்

மேடைப் பேச்சு: வாசகர் கேள்வி – பதில்

மேடையில் தெளிவாகப் பேசுவது பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே குறைதான்: "நான் பேசுவது மற்றவர்களுக்குப் புரியவில்லை." நான் வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது பாளையங்கோட்டையில் சனிக்கிழமை மாலைகளில் பேச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன். வகுப்பில் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

நான் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. கிராம சபையில் பேச எழுந்தால் படபடவென்று பேசிவிடுகிறேன். "என்னம்மா சொன்னே, திரும்பச் சொல்லு" என்கிறார்கள். மெதுவாகப் பேசிப் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான். என்ன செய்வது?
– வாசகி, உசிலம்பட்டி

மெதுவாகப் பேசியும் புரியவில்லை என்கிறீர்களே அம்மா, விஷயமே அதில்தான் இருக்கிறது. உங்கள் குறை வேகம் இல்லை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா பேசிக் கேட்டவர்களுக்குத் தெரியும். மின்னல் வேகத்தில் பேசுவார், ஒரு எழுத்துகூடக் கீழே விழாது.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அந்த வினைச்சொல்லுக்குள்ளும் முக்கியமான சேதி அதன் கடைசியில்தான் இருக்கிறது. வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள்: யார் வந்தது என்பதே கடைசி எழுத்துகளில்தான் தெரிகிறது. கொடுத்தார்களா, கொடுப்பார்களா, கொடுக்கவே இல்லையா என்பதும் அப்படியே. நமக்கோ வாக்கியத்தைத் தொடங்கும்போது மூச்சு நிறைய இருக்கிறது, முடிக்கும்போது தீர்ந்துவிடுகிறது. பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே குரல் தேய்ந்துபோகிறது.

நீங்கள் பேசப்போகும் வாக்கியம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: "எங்க தெருவுக்குப் போட்ட பைப்புல மூணு மாசமா தண்ணி வர்றதில்லை." கடைசிச் சொல்லில் மூச்சு போய்விட்டால், பின்வரிசைக்காரர் காதில் விழுவது "மூணு மாசமா தண்ணி வர்ற" என்பது வரைதான். தண்ணீர் வருகிறது என்று சொல்ல வந்தீர்களா, வரவில்லை என்று புகார் சொல்ல வந்தீர்களா? "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீங்கள் எழுந்தே நின்றீர்கள். அதையே விழுங்கிவிட்டால் மெதுவாகப் பேசி என்ன பயன்?

அதனால் முதலில் வாக்கியத்தை வெட்டுங்கள். "எங்க தெருவுக்கு பைப்பு போட்டாச்சு. தண்ணி வரலை. மூணு மாசமா வரலை." மூன்று வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் தனி மூச்சு. வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்கள். உங்களுக்கு அந்த இடைவெளி ரொம்ப நேரம் போலத் தோன்றும். கேட்பவருக்கு அது தோன்றவே தோன்றாது. நீங்கள் சொன்னதை அவர் மனதில் வாங்கிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

அப்புறம், வீட்டில் ஒரு சோதனை. பேசப்போவதைக் கைபேசியில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, பக்கத்து அறையில் நின்று கேளுங்கள். எந்தச் சொல்லின் வால் காணாமல் போகிறதோ, தாளில் அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். அடுத்த முறை சொல்லும்போது அந்த வாலுக்குக் கொஞ்சம் பலம் கொடுங்கள். கத்தத் தேவையில்லை. குரல் தாழலாம், தேயக்கூடாது. எங்கள் வகுப்பில் வருகிற எல்லோரும் முதல் வாரம் செய்வது இது ஒன்றைத்தான். வேறு எதையும் சொல்லித் தராமலே பாதிப் பேர் தெளிந்துவிடுகிறார்கள்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பழகிப் பார்க்க இதைவிட நல்ல மேடை கிடையாது. சொல்ல வேண்டிய விஷயமும் உங்களிடம் இருக்கிறது. தைரியமாகப் பேசுங்கள்.

எனக்கு ழகரம் வராது. "வாழைப்பழம்" என்றால் "வாளப்பளம்" என்றுதான் வருகிறது. கல்லூரி விழாவில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக நிற்க ஆசை. கேலிக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிறேன்.
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, மதுரையிலும் அதற்குத் தெற்கே எங்கள் பக்கத்திலும் ழகரம் பேச்சில் ளகரமாக ஒலிப்பது ஊர் வழக்கு. நாக்கில் எந்தக் கோளாறும் இல்லை. வீட்டில் அப்படியே பேசுங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கு மட்டும் ஒரு பழக்கம் கூடுதலாக வேண்டும். அது வந்துவிடும்.

நன்னூல் சொல்வது, "அண்ணம் நுனிநா வருட ரழ வரும்." நுனிநாக்கு மேல் அண்ணத்தை வருட வேண்டும் என்கிறது, ஒட்டச் சொல்லவில்லை. ளகரத்தில் நாக்கு மேலே மடங்கி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், காற்று இரண்டு பக்கமும் வழியும். ழகரத்தில் அதே மடங்கல்தான், ஆனால் நுனி எதிலும் ஒட்டாமல் நிற்கும், காற்று நடுவே போகும். உங்களுக்கு ளகரம் நன்றாக வருகிறது என்றால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். தொடாமல் நிறுத்துவது ஒன்றுதான் பாக்கி.

கண்ணாடி முன் நின்று "ஆ" என்று நீட்டிச் சொல்லுங்கள். ஒலியை நிறுத்தாமல் நாக்கின் நுனியை மெல்ல மேலே தூக்கிப் பின்னால் வளையுங்கள். எதையும் தொடக்கூடாது. "ஆ" தானாகவே "ஆழ்" ஆகும். அது வந்ததும் யாழ், வாழ், தாழ் என்று ஓரசைச் சொற்கள், பிறகு ஆழம், பழம், கிழமை. இன்னொன்றும் கவனியுங்கள்: தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்குவதில்லை. முன்னால் எப்போதும் ஓர் உயிரொலி இருக்கும். நாக்கை வளைத்துக்கொள்ள அந்த நேரம் போதும். "வா" என்று சொல்லும்போதே நாக்கு கிளம்பிவிட வேண்டும்.

"ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்" என்ற பழைய நாப்பயிற்சியை எடுத்த எடுப்பில் வேகமாகச் சொல்லாதீர்கள். வேகமாகச் சொன்னால் பழைய பழக்கம்தான் இன்னும் கெட்டிப்படும். ஒவ்வொரு சொல்லையும் தனியாகச் சொல்லி, சரியாக வந்த பிறகு சேருங்கள். தினம் கொஞ்ச நேரம் போதும்.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ழகரத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட ன, ண, ல, ள-க்குக் கிடைப்பதில்லை. மனம், மணம், பனி, பணி, பல்லி, பள்ளி: இவை குழம்பினால் பொருளே மாறிவிடும். ழகரம் மணக்க மணக்கப் பேசிவிட்டு "பணி நியமனம்" என்பதைப் "பனி நியமனம்" என்று சொல்பவர்களை மேடையில் நிறையக் கேட்கிறேன், வருத்தமாக இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பழகுங்கள். விழாவுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள், ழகரம் முழுசாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கல்யாண மண்டபத்தில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா. போன முறை மைக் கீச்சென்று கத்தியது. எக்கோ அடித்து ஒன்றும் விளங்கவில்லை. பேசுகிறவர் கையில் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் மைக் செட்டுக்காரர் பொறுப்பா?
– வியாபாரிகள் சங்கச் செயலாளர், ஈரோடு

பாதி உங்கள் கையில்தான்.

கீச்சென்ற சத்தம் ஏன் வருகிறது என்றால், பெட்டியிலிருந்து வரும் ஒலி திரும்பவும் மைக்குக்குள் போய், பெருகி மறுபடி பெட்டிக்கு வந்து, இப்படியே சுற்றிக்கொண்டிருப்பதால். அதனால் ஸ்பீக்கர் பெட்டிகள் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பேசுபவருக்குப் பின்னால் பெட்டி இருந்தால் எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் கத்தும். கையில் மைக்கைப் பிடிப்பவர்கள் சிலர் அதன் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பார்கள். பார்க்க எடுப்பாக இருக்கலாம். ஆனால் அப்படி மூடினால் மைக் எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கத் தொடங்கும், கீச்சும் வரும். தண்டைப் பிடியுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் முதல் அரைச் சாண் வரை தூரம் இருக்கட்டும். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே வர வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும் மைக் என்றால் உடம்பைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கூட்டத்தின் மேல் ஓடவிடுங்கள். "பெரியோர்களே" என்று எடுத்ததுமே டப்பென்று ஒரு அடி விழுகிறதே, அது பகரத்தில் வெளிவரும் காற்று நேராக மைக்கில் மோதுவதால். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக, கன்னத்தை ஒட்டி வைத்தால் காற்று பக்கத்தில் போய்விடும், குரல் மட்டும் உள்ளே போகும்.

எக்கோ பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, மெஷினிலேயே வைத்திருப்பது. முதல் நாள் பாட்டுக் கச்சேரிக்காக வைத்த எக்கோவை எடுக்காமலே விட்டிருப்பார்கள். மைக் செட்டுக்காரரிடம் முன்னதாகவே, "அண்ணே, பேச்சுக்கு எக்கோ வேண்டாம், எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள். மறுக்கமாட்டார், யாரும் கேட்காததால்தான் அப்படியே இருக்கிறது. இன்னொன்று மண்டபமே தருவது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. காலி மண்டபத்தில் சோதித்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடம்பும் உடையும் ஒலியை வாங்கிக்கொண்டு எதிரொலி குறையும்.

சோதிக்கும்போது ஊதாதீர்கள், தட்டாதீர்கள், "ஹலோ ஹலோ" வேண்டாம். பேசப்போகும் பேச்சின் முதல் இரண்டு வாக்கியத்தை, பேசப்போகும் அதே குரலில் சொல்லுங்கள். ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்டுச் சொல்லட்டும்.

தெருக்கூட்டத்தில் கூம்பு ஒலிபெருக்கிகளைத் தூரத் தூரமாகக் கட்டியிருந்தால் சங்கதி வேறு. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளியிருக்கும் கூம்பிலிருந்து உங்கள் சொல் அரை விநாடி தாமதமாக வரும், அதற்குள் நீங்கள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பீர்கள். இரண்டும் மோதிக்கொள்ளும். அங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விடாமல் பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

என் மகள் ஏழாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்குத் தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை அப்படியே மனப்பாடம் செய்கிறாள். வீட்டில் கடகடவென்று ஒப்பிக்கிறாள். மேடையில் நடுவில் ஒரு வரி மறந்தால் அப்படியே நின்று அழுதுவிடுகிறாள். எப்படி உதவுவது?
– தந்தை, பட்டுக்கோட்டை

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் குழந்தை மேல் இல்லை.

மூன்று நிமிடப் போட்டி. அதில் நடுவர்களை வாழ்த்தி, தமிழை வாழ்த்தி, அவையை வாழ்த்தி முடிக்கவே ஒரு நிமிடம் போய்விடுகிறது. மிச்சத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் வாழ்நாளில் சொல்லியிராத சொற்களை, தனக்குப் பொருள் தெரியாத அடுக்குகளை, கையை ஆட்டி ஆட்டி உச்சக் குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் தெரியாத வரியை ஒலியாகத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அடுத்தது வராது. பிள்ளை அழுவது அதனால்தான், ஞாபக சக்தி குறைந்ததால் இல்லை.

ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். ஒவ்வொரு பத்தியாகப் படித்துவிட்டு, "இதுல என்னடா சொல்லியிருக்கு, அப்பாவுக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே எழுதுங்கள். இலக்கணப் பிழையை மட்டும் திருத்துங்கள். "மரங்கள் நமக்குப் பிராணவாயுவை வாரி வழங்கும் வள்ளல்களாகத் திகழ்கின்றன" என்ற இடத்தில் அவள், "எங்க ஸ்கூல் வேப்பமரத்தடியிலதான் நாங்க சாப்பிடுவோம், அங்க மட்டும் வெயிலே தெரியாது" என்று சொல்லக்கூடும். "எங்கள் பள்ளியில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில்தான் நாங்கள் சாப்பிடுவோம். அங்கே மட்டும் வெயிலே தெரியாது." இதை அவள் எந்த மேடையிலும் மறக்கமாட்டாள்.

பிறகு நாலைந்து படங்கள் வரையச் சொல்லுங்கள், ஒரு கருத்துக்கு ஒரு படம். வேப்பமரம், வெட்டப்பட்ட மரம், காய்ந்த குளம் என்று வரிசையாக. மேடையில் அவள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படங்களின் வரிசையை மட்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் சொல் மாறாமல் மனப்பாடமாக இருக்கட்டும். ஏறவும் இறங்கவும் அது போதும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம், விட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பரிசு கிடைக்காமல் போகலாம். சில நடுவர்களுக்கு அடுக்குமொழிதான் பிடிக்கும். ஆனாலும் தன் சொல்லில் ஒரு முறை பேசி இறங்கிய பிள்ளை, அடுத்த முறை தானாக மேடை ஏறும்.

வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினால் உச்சரிப்பு திருந்துமாமே?
– வாசகர், கோவில்பட்டி

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் அப்படிப் பழகியதாகப் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. அதே பலன் வேண்டுமென்றால் நாளிதழில் ஒரு பத்தியை, குரலே எழுப்பாமல், உதட்டையும் தாடையையும் மட்டும் மிகையாக அசைத்துப் படியுங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் உதட்டைப் பார்த்தே சொல்லைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வாய் திறக்க வேண்டும். பிறகு அதே பத்தியைக் குரலோடு படியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எனக்குத் திக்குவாய். அலுவலகத்தில் என்னை வரவேற்புரை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மறுக்கவும் மனமில்லை, பயமாகவும் இருக்கிறது. சிறு வயதில் நாக்குத் தடிப்பு என்று வசம்பு தேய்த்தார்கள். பலன் இல்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

மறுக்காமல் இருந்தீர்களே, சந்தோஷம். திக்குவது நாக்கின் தடிப்பால் வருவதில்லை, அறிவுக் குறைவாலும் இல்லை. வசம்பு அதற்கு மருந்தும் இல்லை.

இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜுக்கு இந்தச் சிரமம் இருந்தது. 1925-ல், அவர் இளவரசராக இருந்தபோது, வெம்பிளியில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் பேச முடியாமல் மிகவும் தவித்தார். அடுத்த ஆண்டு லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனார். 1939 செப்டம்பர் 3 அன்று, போர் தொடங்கிய நாளில், அரசராக அவர் வானொலியில் நாட்டு மக்களிடம் பேச வேண்டியிருந்தது. லோக் அந்தப் பேச்சின் தாளில், எங்கெங்கே நிற்க வேண்டும் என்று குத்துக்கோடுகள் போட்டுக் கொடுத்தார். சிரமமான சொற்களுக்குப் பதில் எளிய சொற்களைப் போடுவதும் அவர் வழக்கம். அரசருக்குத் திக்கல் முழுவதும் போய்விடவில்லை. நிற்கும் இடங்களைத் தாமே தேர்ந்துகொண்டதால் பேச்சு நடந்தது.

உங்களுக்கும் அதே வழிதான். தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்த எழுத்தில் மாட்டும் என்று உங்களுக்கே தெரியும், அந்தச் சொல்லை மாற்றுங்கள். "வருக வருக என வரவேற்கிறேன்" என்பதில் வகரம் மாட்டினால் "உங்கள் எல்லோரையும் அன்போடு அழைக்கிறேன்" என்று எழுதுங்கள். பெயர்களை மட்டும் மாற்ற முடியாது, அங்கேதான் பலருக்கும் மாட்டுகிறது. நல்லவேளையாக, தமிழில் பதவியை முன்னால் சொல்லிப் பெயரைப் பின்னால் சொல்லலாம். "நம் அலுவலக மேலாளர்" என்று தொடங்கி, குரலை நிறுத்தாமல், "மேலாளர்" என்ற சொல்லின் ஒலியிலேயே பெயருக்குள் வழுக்கிப் போங்கள். பெயரைத் தனியாக நிறுத்தித் தொடங்கினால்தான் அது சுவராக நிற்கும். முதல் எழுத்தை அழுத்தாமல், மூச்சோடு மென்மையாக எடுங்கள்.

கூட்டாகச் சேர்ந்து படிக்கும்போது பெரும்பாலோருக்குத் திக்கல் குறைந்துவிடும். நண்பர் ஒருவரோடு சேர்ந்து உரக்கப் படித்துப் பழகுங்கள். நாள் போகப்போக அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டே வரட்டும்.

மேடையில் முதல் வாக்கியமாக, "எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், பொறுமையாகக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுவது பலருக்குப் பெரிய விடுதலையாக இருந்திருக்கிறது. மறைக்க வேண்டும் என்ற பதற்றம் அங்கேயே இறங்கிவிடும். சொல்ல விருப்பமில்லை என்றால் விடுங்கள், கட்டாயம் இல்லை.

விழா முடிந்த பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மைசூரில் 1965-லிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

மேடையில் எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? என் பிள்ளைகள் எழுத்துத் தமிழில் பேசினால் இயந்திரம் போல இருக்கிறது, பேச்சுத் தமிழில் பேசினால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
– தாயார், சிங்கப்பூர்

உங்கள் ஊர்ப் பள்ளிகளில் பேச்சுத் தமிழையும் பாடத்தில் வைத்துச் சொல்லித் தருகிறார்கள், அது எனக்குப் பிடித்த விஷயம். பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வாக்கியத்தை எழுத்துத் தமிழில் வையுங்கள், ஆனால் வாயில் வராத சொல்லைத் தூக்கிப் போடுங்கள். "இருக்கின்றது" வேண்டாம், "இருக்கிறது" போதும். "ஆகையினால்" வேண்டாம், "அதனால்" போதும். தாத்தா பாட்டி சொன்னதை, கடைக்காரர் சொன்னதைச் சொல்லும் இடத்தில் மட்டும் முழுப் பேச்சுத் தமிழுக்கு இறங்கலாம், கூட்டம் அங்கே நிமிர்ந்து உட்காரும். எதில் பேசினாலும் பாதியில் மாறிமாறித் தாவக்கூடாது. முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தாவலுக்குத்தான் சுளிக்கிறார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டறிக்கை படிப்பது என் வேலை. எண்கள் வந்ததும் தடுமாறுகிறேன், கேட்பவர்களும் தப்பாகக் கேட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.
– சங்க எழுத்தர், தென்காசி

எண்களை எண்ணாக எழுதிவைத்துக்கொண்டு படிக்காதீர்கள். 4,78,650 என்பதை "நான்கு லட்சத்து / எழுபத்தெட்டாயிரத்து / அறுநூற்று ஐம்பது ரூபாய்" என்று எழுத்தால் எழுதி, கோடு போட்ட இடத்தில் கண நேரம் நில்லுங்கள். எழுபது, எண்பது இரண்டும் "எ"-யில் தொடங்கிப் "பது"-வில் முடிகின்றன. மண்டபத்தின் எதிரொலியில் நடு எழுத்து கரைந்தால் இரண்டும் ஒன்றுதான். சண்டை அங்கேதான் பிறக்கிறது. அதனால் முதலில் வாய்க்கணக்காகச் சொல்லுங்கள்: "நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்." பிறகு சரியான தொகை. கேட்பவர் மனம் முதலிலேயே அந்த இடத்துக்குப் போய்விடும், தப்பாகக் கேட்காது.

டெல்லியிலிருந்து வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அறிமுக வரியிலேயே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும். தாளைப் பார்த்துத்தான் படித்தார். படிப்பது தெரியக்கூடாது என்று நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், வாக்கியம் பாதியில் உடைந்து அடுத்த தாளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்காதீர்கள். படித்த தாளைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தி வைக்கலாம்.

நான் ஆசிரியை. இலக்கிய மன்றங்களிலும் பேசுகிறேன். அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்கிறது. பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் எடுக்கிறேன். போதுமா?
– ஆசிரியை, விருத்தாசலம்

தொண்டைக்கு இதமாக இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல்நாண்களை நேராகத் தொடாது, அவை மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. உடம்பில் நீர் குறையாமல் இருந்தால்தான் அவை ஈரமாக இருக்கும். பேசும் அன்று காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், மேடை ஏறும்போது ஒரு சொம்பு குடித்துப் பயனில்லை. செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்யாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். கட்டிய தொண்டையோடு கிசுகிசுவென்று பேசுவதும் சிரமம்தான், பேசாமல் இருப்பதே ஓய்வு. வகுப்பில் சத்தம் போட்டு அடக்குவதை விட்டு, மேசையைத் தட்டுங்கள் அல்லது கையை உயர்த்திக் காத்திருங்கள்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய கேமரா வைத்துக் குரல்நாண்களைப் பார்ப்பார்கள், சில நிமிட வேலைதான்.